24 வோல்ட் செருகியதும் எரிந்துபோகும் பக் கன்வெர்ட்டர் ஐசி

24 வோல்ட் சப்ளையைச் செருகியதும் உள்ளீட்டில் 45 வோல்ட் வரை எகிறுகிறது, 40 வோல்ட் தாங்கும் பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) ஐசி இரண்டு போய்விட்டது என்கிறீர்கள். ஐசி மேல் பழி போடாதீர்கள். உள்ளீட்டில் செராமிக் கெபாசிட்டர் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நீளமான ஒயரின் இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) செராமிக்கும் சேர்ந்து ஊஞ்சல்போல ஆடும். செராமிக்கின் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் ஆட்டத்தை அடக்க ஆளில்லை. சப்ளையைப்போல் ஏறக்குறைய இருமடங்குவரை ஏறும்.

உறுதிசெய்ய, எனேபிள் பின்னை (ஐசியை இயக்கவும் நிறுத்தவும் உதவும் கால்) கிரவுண்டில் கட்டி, ஐசியை நிறுத்திவிட்டுச் செருகிப் பாருங்கள். அப்போதும் ஸ்பைக் (அந்தத் திடீர் எகிறல்) வந்தால் ஐசியின் ஸ்விட்சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. (ஆஸிலோஸ்கோப் புரோபின் நீண்ட கிரவுண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, குட்டி ஸ்பிரிங் போட்டு அளந்து பாருங்கள். இல்லாத ஸ்பைக்கை ஒரு நாள் முழுக்கத் துரத்திய அனுபவம் எனக்கு உண்டு.)

அப்புறம், செராமிக்குக்கு இணையாக, அதைப்போல் நான்கைந்து மடங்கு மதிப்புள்ள சாதாரண எலக்ட்ரோலிடிக் ஒன்றைப் போடுங்கள், 50 வோல்ட் ரகம். பாலிமர் வேண்டாம், அதிலும் உள் மின்தடை குறைவு. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். வெளியீடும் எகிறினால் அது வேறு கதை. வெளியீட்டை மெல்ல ஏறவைக்கும் சாஃப்ட்-ஸ்டார்ட் கெபாசிட்டரைக் கூட்டிப் பாருங்கள்.