வாங்குமுன் கேளுங்கள்: நாலு சில்லும் திரும்பும் கிரோலர்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு ரொக் கிரோலர், அதாவது கல்லில் ஊர்ந்து ஏறும் ரிமோட் வண்டி, பற்றியது. அதிலும் பின்சில்லையும் திருப்ப ஆசைப்பட்டுச் சிக்கியவர்களே கூட. குக்கர் ரப்பரும் மின்விசிறியும் அடுத்த முறைக்குப் போகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கடைப் பெயர்களை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: பத்தில் ஒன்று அளவுக் கிரோலர். பின் அச்சுக்கும் ஒரு சேர்வோ (சில்லைத் திருப்பும் சின்ன மோட்டர்) பூட்டினேன். கல்லில் வைத்து இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் வண்டி அப்படியே செத்துவிடுகிறது. இரண்டு விநாடியில் மறுபடி உயிர் வருகிறது. திருத்தக் கொடுத்த இடத்தில் ஈ.எஸ்.சி (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) போய்விட்டது, புதிது 18,000 ரூபா என்கிறார்கள். மாற்றட்டுமா? – உப்புவெளி

பதில்: மாற்ற வேண்டாம். பின் சேர்வோவின் வயரை, வண்டிக்குள் ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு அதே கல்லில் ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் ஈ.எஸ்.சிக்கு ஒன்றுமில்லை. சேர்வோக்களுக்குப் போகும் மின்சாரம்தான் போதவில்லை. திருத்துபவர் இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஈ.எஸ்.சி மோட்டருக்கு 60 அம்பியர் கொடுக்கலாம். ஆனால் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் கொடுப்பது அதற்குள் இருக்கும் பி.இ.சி என்ற சின்னப் பகுதி. சாதாரண ஈ.எஸ்.சிகளில் அது 2 அல்லது 3 அம்பியரோடு நின்றுவிடும். பலமான சேர்வோ ஒன்று, சில்லு கல்லிடுக்கில் இறுகி நிற்கும்போது, தனியாகவே 3, 4 அம்பியர் இழுக்கும். இரண்டும் இறுகினால் வோல்ற் சரிந்து ரிசீவர் அணைந்துவிடும்.

10 அம்பியர் தனி பி.இ.சி ஒன்று வாங்குங்கள். அதன் உள்வரும் இரண்டு வயரையும் பற்றரி இணைப்பிலேயே சொல்டர் பண்ணி, வெளிவரும் வயரை ரிசீவரின் காலித் துளையில் செருகுங்கள். ஈ.எஸ்.சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் நடுவிலுள்ள சிவப்பை ஊசியால் கிளப்பி வெளியே எடுத்து, டேப் சுற்றி மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பி.இ.சியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். செருகுமுன் வெளிவரும் வோல்ற்றை மல்டிமீற்றரில் பாருங்கள். சேர்வோ 6 வோல்ற் என்றால் 6தான். 7.4 தாங்கும் சேர்வோ என்றாலும், ரிசீவரும் அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகே கூட்டுங்கள். ரிசீவரில் செருகும் கபாசிற்றர் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது கணநேரச் சரிவை மறைக்கும், அவ்வளவே.

இன்னொன்று, இது இலவசம். சேர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று ரிமோட்டில் ஈ.பி.ஏ என்ற பெயரில் இருக்கும் எல்லையைச் சரிசெய்யுங்கள். சில்லு முழுதாகத் திரும்பி முட்டிய பிறகும் சேர்வோ முனகிக்கொண்டிருந்தால், அது சும்மா நின்றபடியே ஆகக்கூடிய மின்சாரத்தை இழுக்கிறது. அப்படியே விட்டால் அதன் பற்சில்லின் பல் உடையும், அல்லது மோட்டர் கருகும். முனகல் நிற்கும்வரை இடம், வலம் தனித்தனியாக, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகக் குறையுங்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டு சனல் ரிமோட்தான் (ஓட்டத்துக்கு ஒன்று, திருப்பலுக்கு ஒன்று) உண்டு. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டு இரண்டு சேர்வோவையும் ஒரே சனலில் ஓட்டலாமா? – லிங்கநகர்

பதில்: ஓட்டலாம். ஓட்டாதீர்கள். பின்சில்லு எப்போதும் முன்சில்லோடு சேர்ந்தே திரும்பும், எல்லையைத் தனியாக வைக்கவும் முடியாது. நாலு சில்லு திருப்பலின் பயனே தேவைப்படும்போது மாற்றிக்கொள்வதில் இருக்கிறது: முன்சில்லு மட்டும், எதிரெதிராக, ஒரே பக்கமாக நண்டு நடை, பின்சில்லு மட்டும். குறைந்தது மூன்று சனலும், முன், பின் சேர்வோக்களை இப்படிச் சேர்த்து இயக்கும் நாலு சில்லுக்கான மிக்ஸிங்கும் உள்ள ரிமோட்டாகப் பாருங்கள். மூன்றாம் சனல் இருந்தும் மிக்ஸிங் இல்லாதவை விற்பனையில் உண்டு. அவற்றில் மூன்றாம் சனல் வெறும் ஆளி, பின்சில்லு ஒரேயடியாக இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் போய் நிற்கும். பெட்டியை நம்பாமல், கையேட்டில் மிக்ஸிங் பற்றிய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: '35 கிலோ' என்று அச்சடித்த சேர்வோ. கல்லில் சில்லைத் திருப்பவே மாட்டேன் என்கிறது. கடையில் 'பெட்டி உடைச்சாச்சு, எடுக்க ஏலாது' என்கிறார். பில்லும் தரவில்லை ஐயா. – பாலையூற்று

பதில்: பிழை உங்களுடையதல்ல. இந்தக் கிலோ வியாபாரம் எனக்குப் பழைய எரிச்சல், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

சேர்வோவில் கிலோ என்றால் கிலோ-சென்ரிமீற்றர். சுழலும் தண்டின் நடுவிலிருந்து 1 சென்ரிமீற்றர் தூரத்தில் எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பது அது. எந்த வோல்ற்றில் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 8.4 வோல்ற்றில் கிடைத்ததைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உங்கள் வண்டியில் கிடைக்கும் 5, 6 வோல்ற்றில் என்ன என்பதைப் போடுவதில்லை. டவர்ப்ரோ எம்.ஜி. 996 ஆர் என்ற மலிவுச் சேர்வோவுக்கு 4.8 வோல்ற்றில் 9.4, 6 வோல்ற்றில் 11 என்று இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். கிரோலருக்கு அது போதாது, அதற்கும் போலிகள் ஏராளம். ஆனாலும் எண்ணை எழுதும் முறை அதுதான். என் மேசையில் '80 வாட்ஸ்' சார்ஜர் ஒன்று கிடக்கிறது. கூட வந்த அடப்டர் 12 வோல்ற், 2.5 அம்பியர். பெருக்கினால் 30. மிச்சம் 50 வாட்ஸ் பெட்டியில் மட்டும்தான்.

உங்கள் சேர்வோவை நிறுத்துப் பார்க்கலாம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போதும். சேர்வோவை வைஸில் இறுக்கி, அதன் தண்டில் பூட்டிய உலோகக் கையில் நடுவிலிருந்து 2 சென்ரிமீற்றரில் உள்ள துளையில் கொக்கியை மாட்டுங்கள். 35 கிலோ உண்மையானால் தராசு 17.5 காட்ட வேண்டும். 6, 7 காட்டினால் அது 12 முதல் 14 கிலோ சேர்வோ. ஒரு தடவைக்கு இரண்டு விநாடிக்கு மேல் இறுக விடாதீர்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். மின்சாரம் 5 அம்பியராவது கொடுக்கும் தனி பி.இ.சியிலிருந்து வர வேண்டும், பெட்டியில் சொன்ன வோல்ற்றையே கொடுங்கள். வண்டியின் ஈ.எஸ்.சியில் செருகிச் சோதித்தால் 'உங்கட கரண்ட் காணாது' என்று கடைக்காரர் நழுவிவிடுவார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள்.

பிறகு அதையும் பெட்டியையும் கொண்டு கடைக்குப் போங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்கவும் முடியாது. முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். காசு அனுப்பிய வங்கிப் பதிவு, வட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: 9,900 மில்லி அம்பியர்-மணி என்று போட்ட 18650 அளவு உருளைப் பற்றரி ஒன்லைனில் 450 ரூபாவுக்கு எடுத்தேன். கால் மணித்தியாலத்தில் ஓய்கிறது. – கிண்ணியா

பதில்: அந்த அளவில் உலகத்தின் நல்ல கொம்பனிகள் செய்வதே 3,500 சுற்றுவட்டாரம். 450 ரூபாவுக்கு அதன் மூன்று மடங்கு தருவார்கள் என்று நம்பினீர்களா?

கேள்வி: பின்னுக்கும் ஒரு முன் அச்சையே வாங்கிப் போட்டேன். முடுக்கினால் முன்சில்லு முன்னுக்கும் பின்சில்லு பின்னுக்கும் சுற்றுகிறது. மோட்டர் வயரை மாற்றினால் சரிவருமா? – தம்பலகாமம்

பதில்: வராது, இரண்டும் சேர்ந்தே திசை மாறும். பின் அச்சின் மூடியைத் திறந்து, பெரிய பற்சில்லை மறுபக்கம் பார்க்கத் திருப்பிப் பூட்டுங்கள். சில அச்சுகளில் அதற்கு இடமே இருக்காது. அப்படியானால் அது உங்கள் கியர்பெட்டிக்குப் பின்னால் பொருந்தாத அச்சு, ஓட்டுமுன் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

திறந்த கையோடு இன்னும் சிலதைப் பாருங்கள். சில்லுக்குப் போகும் தண்டு, முனை சும்மா செருகி நிற்கும் வெறும் டோக்போன் என்றால் முழுதாகத் திருப்பும்போது கழன்று விழும், யுனிவர்சல் மூட்டு உள்ளதாகப் போடுங்கள். சேர்வோவை இணைக்குமுன், ஷொக் அப்சோர்பரை அடிமட்டும் அழுத்திப் பிடித்து, சில்லைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். இரண்டு சில்லையும் இணைக்கும் கம்பி, அச்சை வண்டிச் சட்டத்தோடு பிடிக்கும் கீழ் லிங்கிலோ ட்ரைவ் ஷாஃப்டிலோ தட்டுகிறதா? தட்டினால் கம்பியை அச்சின் மறுபக்கம் கொண்டுபோங்கள், அல்லது வளைந்த கம்பி வாங்குங்கள். சேர்வோவை ரிமோட்டில் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அதன் கையைப் பூட்ட வேண்டும். உலோகத்தில் இறங்கும் ஸ்குரூவுக்கு, கழலாமல் பிடிக்கும் நீல லொக்டைட் பசை ஒரு பொட்டு. பிளாஸ்டிக்கில் வேண்டாம், வெடித்துவிடும்.

கேள்வி: பின் சேர்வோ பூட்டியதிலிருந்து மேட்டில் ஏறும்போது வண்டி பின்னுக்குக் குப்புற விழுகிறது. மெல்லிய ஸ்பிரிங் வாங்கவா? – உவர்மலை

பதில்: முதலில் நிறுங்கள், பிறகு வாங்குங்கள். முன்சில்லு இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்து, பின்சில்லுக்கு அதே உயரத்தில் கட்டை கொடுங்கள். பிறகு மாற்றி வையுங்கள். மொத்தப் பாரத்தில் 55 முதல் 60 வீதம் முன்னுக்கு இருக்க வேண்டும். சேர்வோவும் கனத்த அச்சும் சேர்ந்து உங்கள் கணக்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும். பற்றரியை முன் அச்சுக்கு மேலே, முடிந்தளவு தாழ்வாக நகர்த்துங்கள். போதாவிட்டால், அச்சின் நுனியில் சில்லைத் தாங்கித் திரும்பும் நக்கிளை முன்னுக்கு மட்டும் பித்தளையில் போடுங்கள். பின்னுக்குப் பித்தளை விற்க வருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். செங்குத்தில் பின்சில்லு நேராக நிற்கட்டும், திருப்புவதைத் தட்டையான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்சில்லு திரும்பும் அளவை முன்சில்லின் முக்கால் பங்காகக் குறைத்தாலும் வளைவு அவ்வளவு கெடாது.

கேள்வி: மாமா லண்டனிலிருந்து வருகிறார். 3 எஸ் (மூன்று செல்) 5,000 மில்லி அம்பியர்-மணி லிப்போ பற்றரி கொண்டுவரச் சொல்லலாமா? – அன்புவழிபுரம்

பதில்: சொல்லலாம். 11.1 வோல்ற்றை 5 அம்பியர்-மணியால் பெருக்கினால் 55.5 வாட்-மணி, விமானத்துக்கான 100 வாட்-மணி எல்லையைத் தாண்டாததால் அளவுப் பிரச்சினை இல்லை. கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது. முனைக்கு டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். எத்தனை கொண்டுவரலாம் என்பதை அவர் விமானக் கொம்பனியிடம் கேட்கட்டும். அதற்கு முன் உங்கள் ஈ.எஸ்.சி 3 எஸ் தாங்குமா, பிளக் எது, பற்றரித் தட்டின் நீள அகலம் என்ன என்று எழுதி அனுப்புங்கள். மாமா திரும்பிப் போன பிறகு மாற்ற முடியாது. ஈ.எஸ்.சியில் பற்றரி வகையைத் தெரிவுசெய்யும் சின்னச் செருகி, ஜம்பர், இருந்தால் அது லிப்போ பக்கம் இருக்கிறதா பாருங்கள். மற்றப் பக்கம் இருந்தால் பற்றரியை அடிமட்டும் உறிஞ்சிக் கொன்றுவிடும்.

கேள்வி: வோட்டர்ப்ரூஃப் என்று வாங்கியது. டச் பே ஓரப் பாறைகளில் ஓட்டியதில் பேரிங் எல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது. கடை பொறுப்பில்லையா? – திருகோணமலை நகர்

பதில்: இல்லை. கடல்நீர் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. வண்டியின் மின் உறுப்புகளுக்குள் நீர் போகாது என்பதுதான் அந்தச் சொல். பேரிங், மோட்டர், ஸ்குரூ எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. உப்பில் ஓட்டினால் அன்றே குழாய்நீரில் மெதுவாகக் கழுவி, சில்லுகளைக் கழற்றி, ரயருக்குள் இருக்கும் ஃபோமைப் பிழிந்து காயவிட வேண்டும். அந்த ஃபோம் உப்புநீரை நாட்கணக்கில் வைத்திருக்கும். மோட்டரின் இரண்டு முனைப் புஷ்ஷுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். புதிய பேரிங் வாங்கும்போது பழையதை அளந்து கொண்டுபோங்கள். 5, 11, 4 மில்லிமீற்றர் பொதுவானது, ஆனால் 5, 10, 4 உம் அதே வண்டியில் இருக்கலாம். ரப்பர் மூடி உள்ளதாக எடுத்து, மூடியை ஊசியால் கிளப்பி உள்ளே கிறீஸ் நிரப்பிப் போடுங்கள்.

கேள்வி: நாலு சில்லும் திரும்பும் என்று சொல்லித்தான் தந்தார்கள். வீட்டில் பார்த்தால் முன்சில்லு மட்டும் திரும்புகிறது. பெட்டியில் '4 டபிள்யூ.டி' என்று இருக்கிறது. – மூதூர்

பதில்: நாலு சில்லுக்கும் இழுவை உண்டு என்பது அது. கடையிலேயே ரிமோட்டை ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் எப்படிக் காசை நீட்டினீர்கள்? ஆனாலும் வாயால் அப்படிச் சொல்லி விற்றது அவர்கள். கல்லில் ஏற்றாமல், கீறல் விழாமல், பில்லோடு நாளைக்கே கொண்டுபோங்கள்.