மூன்று மொழிக்காரிக்கு எந்த மொழியில் முதல் பாட்டு?

கேள்வி: அம்மாவுக்கு ஒரு மொழி, அப்பாவுக்கு வேறு மொழி, நான் படித்து வளர்ந்தது மூன்றாவது மொழியில். மூன்றிலும் பாடுவேன், எழுதுவேன். எட்டு வருடமாக மற்றவர்களின் மேடையில் கோரஸ் பாடுகிறேன். இப்போது ஒரு சிறிய இசை நிறுவனம் ஒப்பந்தம் தருகிறது. ஐந்து வருடம் ஒரே மொழியில்தான் பாட வேண்டுமாம், மாஸ்டர் உரிமை நிரந்தரமாக அவர்களுக்காம். 'ரெண்டுங்கெட்டானாகப் பாடினால் யார் கேட்பார்கள்?' என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதா, தனியாகப் போவதா? பாட்டி சொல்லிக்கொடுத்த தாலாட்டைத்தான் முதலில் பதிவு செய்ய ஆசை.

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் அந்த 'ரெண்டுங்கெட்டான்' மூன்று முறை வருகிறது. ஒப்பந்தத்தைவிட அந்தச் சொல்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தோன்றுகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அரூஜ் அஃப்தாப் என்ற பாகிஸ்தானியப் பாடகி நியூயார்க்கில் இருந்துகொண்டு உருதுவில் பாடினார். இசையில் ஜாஸ் இருந்தது, கஜல் இருந்தது. எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர் தலையைச் சொறிய வேண்டிய இசை. 2021இல் ஒரு சிறிய சுயாதீன நிறுவனம் வழியாக வந்த அவருடைய ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுக்கு 2022இல் கிராமி என்ற அமெரிக்க இசை விருது கிடைத்தது. கேட்டவர்களில் பலருக்கு உருது தெரியாது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கலந்தால் கேட்க மாட்டார்கள்' என்பது ஒரு விற்பனையாளரின் பயம், அவ்வளவுதான். அதை இசை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கலப்பதில் இரண்டு வகை உண்டு. பல்லவி ஒரு மொழி, சரணம் வேறு மொழி என்று மூன்று கடைச் சரக்கையும் ஒரே பையில் போட்டால் கேட்பவருக்குக் காரணம் புரியாது. அம்மாவிடம் கோபப்படும்போது எந்த மொழி வாயில் வருகிறது, கனவில் எந்த மொழி பேசுகிறீர்கள்? மொழி மாறும் இடம் அப்படி ஒரு காரணத்தோடு வந்தால் பாட்டு தானாக நிற்கும். அப்புறம், ஒவ்வொரு மொழியிலும் பதிவு செய்யும்போது அந்த மொழியை வீட்டில் பேசுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உச்சரிப்பில் ஒரு ழகரம் நழுவினாலும் பாட்டு போய்விடும், நமக்கே தெரியாது.

சரி, ஒப்பந்தம். இப்போது இருக்கிற வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, அதை எழுதியவருடையது. பதிவான ஒலி இன்னொன்று, அதுதான் மாஸ்டர். அதை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து உங்கள் பழைய பாட்டை ஒரு படத்துக்குக் கேட்டு வந்தால் 'ஆகட்டும்' என்று சொல்லும் உரிமைகூட உங்களிடம் இருக்காது. அந்த நிறுவனத்தோடு பேசியே ஆக வேண்டும் என்றால், குறிப்பிட்ட வருடங்களுக்கு உரிமம் மட்டும் தருகிறேன், மாஸ்டர் என்னிடம் இருக்கட்டும் என்று கேளுங்கள். மொழி நிபந்தனையை நீக்கச் சொல்லுங்கள். திருத்தி வந்த தாளை இசை ஒப்பந்தம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

ரே என்ற பிரிட்டிஷ் பாடகியைக் கேட்டிருப்பீர்கள். அப்பா ஆங்கிலேயர், அம்மாவுக்கு கானா, சுவிட்சர்லாந்து வேர்கள். ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தும் ஆல்பத்தை வெளியிட விடவில்லை என்று 2021இல் வெளிப்படையாகவே சொல்லிப் பிரிந்தார். 2023இல் சொந்தமாக ஆல்பம் கொண்டுவந்தார். 2024இல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருது. ஆனால் அதற்கு முன் அவர் பல வருடம் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கை பழகியிருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் எட்டு வருடக் கோரஸும் அப்படி ஒரு முதலீடுதான்.

தனியாகப் போனால் வேலை அத்தனையும் உங்கள் தலையில். மைக், அறை பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. துணிகள் நிறைந்த சிறு அறையும் சுமாரான மைக்கும் குரல் பதிவுக்குப் போதும், பதிவு மென்பொருளில் ஒலித்தரத்தை 24 பிட் என்று வைத்துப் பதியுங்கள். குரலையும் வாத்தியங்களையும் சரியான அளவில் சேர்க்கும் மிக்ஸிங், கடைசியாக ஒலியை மெருகேற்றும் மாஸ்டரிங், இவற்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

யாருடன் சேர்ந்து செய்தாலும் அன்றைக்கே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் சவுண்ட் என்ஜினியராக இருந்த காலத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். நட்புதானே என்று பங்கைப் பற்றிப் பேசவில்லை. ஒரு விளம்பரத்துக்கு அதைக் கேட்டு வந்தார்கள். அப்போது பார்த்தால் மூன்று பேரிடமும் மூன்று கணக்கு. நாங்கள் சண்டையை முடிப்பதற்குள் அவர்கள் வேறு பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இருவரோடு இன்றுவரை பேச்சு அரைகுறைதான்.

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இணையத் தளங்களில் வெளியிடுவதற்கு டிஸ்ட்ரோகிட், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். முதலாவது ஆண்டுச் சந்தா. கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடலாம். இரண்டாவது வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கிறது. ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்ட ஐஎஸ்ஆர்சி என்று எழுத்தும் இலக்கமும் கலந்த 12 இட எண் ஒன்று கிடைக்கும், அதைப் பத்திரமாக எழுதி வையுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவரை எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். பல மொழிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். மூன்று மொழியில் மூன்று விதமாக எழுதினால் மூன்று பாடகிகள் ஆகிவிடுவீர்கள். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

பாட்டு மேலேற்றியதும் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு, பதிவின் உரிமையாளருக்குச் சேர வேண்டிய ராயல்டியைத் தருவதில்லை. கலைஞர்களே ரசிகர்களுக்குப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக விற்றால் அவர்கள் எடுப்பது டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. காசு கொடுத்து வாங்குகிற ஐம்பது பேர் ஆரம்பத்தில் பெரிய பலம். எழுதியவர் என்ற முறையில், எழுதியவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்தில் சேர மறக்காதீர்கள், அந்தப் பணம் பொதுவாக விநியோகஸ்தர் வழியாக வராது. கோரஸ் வேலையை உடனே விடவும் வேண்டாம்.

இனி தாலாட்டு. எனக்கு இதில்தான் ஆசையும் பயமும். 'பாட்டி பாட்டு' என்று வருவதில் பாதி, எந்தக் காலத்திலோ வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டாக முடிந்திருக்கிறது! உண்மையான நாட்டுப்பாட்டு என்றால் பாடத் தடையில்லை. யாரோ எழுதியது, அதன் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை என்றால் உரிமம் வேண்டும். அதை இன்னொரு மொழியில் மாற்றிப் பாட நினைத்தால், மொழிபெயர்ப்புக்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மூன்று மொழிக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாட்டி இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கைபேசியை அவர் பக்கத்தில் வைத்து, முழுத் தாலாட்டையும் அவர் குரலில் பாடச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நடுவில் இருமினாலும் நிறுத்த வேண்டாம். முடிந்ததும், 'இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது பாட்டி?' என்று கேளுங்கள். அந்தப் பதிலும் பதிவில் இருக்கட்டும்.