பதில்: முதுகுத் தண்டில் அடிபட்ட மகனுக்கு வீட்டுப் பயிற்சி போதுமா?

வணக்கம் சகோதரி. மாடியிலிருந்து விழுந்த எட்டு வயது மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கடலூரில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து காலை நீட்டி மடக்குகிறார், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனால் நிறுத்தவும் வேண்டாம், மூட்டு இறுகாமல் இருக்க அது தேவை.

முதலில் தோலைக் கவனியுங்கள். புண் வந்தாலும் பிள்ளைக்கு வலிக்காது. தினமும் குதிகால், பிட்டம், வால் எலும்புப் பக்கம் தொட்டுப் பாருங்கள். கருப்பான தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் கருத்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பக்கம் அழுத்தமே கூடாது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். சொந்தக்காரர்கள் யார் சொன்னாலும் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கால் வெந்து போனாலும் அவனுக்குத் தெரியாது.

அடுத்தது சிறுநீர். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் வைத்து எடுத்துவிடும் முறை அவனுக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்ப்பையில் தேங்கினால் கிட்னி வரை பாதிக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் தாங்களே செய்யப் பழகிவிடுகிறார்கள்.

வளரும் பிள்ளை என்பதால் முதுகு கோணலாம், இடுப்பு மூட்டு நழுவலாம். அதற்குத் தொடர்ந்து எக்ஸ்ரே பார்க்க வேண்டும். உங்களுக்குப் பக்கம் புதுச்சேரி ஜிப்மர்தான். அங்கே மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது. தங்கிப் பயிற்சி பெற வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.