எல்டன் ரிங்கை முடித்தவர் அடுத்து எதை வாங்கலாம்?

கேள்வி: எல்டன் ரிங் வீடியோ விளையாட்டை 140 மணி நேரம் ஆடி முடித்துவிட்டேன். பெரும்பாலும் மந்திரத்தையும் துணைக்கு அழைக்கும் ஆவிகளையும் நம்பியே வென்றதால், வாட்சண்டையைக் கற்றுக்கொள்ளாமலேயே கடைசி வரை வந்துவிட்டேனோ என்ற குறை மனத்தில் இருக்கிறது. இப்போது ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். செகிரோ, நியோ 2, லைஸ் ஆஃப் பி ஆகிய மூன்றில் எதை வாங்குவது? கண்ட்ரோலரும் கணினியும் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தபின் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

பதில்: செகிரோவை வாங்குங்கள். எது மிகக் கடினம் என்று மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் குறையையும் கையிலிருக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதியிருப்பதால் சொல்ல முடிகிறது.

எல்டன் ரிங்கை உருவாக்கிய அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட விளையாட்டு செகிரோ. ஆனால் நீங்கள் பழகிய வசதிகளில் பெரும்பாலானவை இதில் கிடையாது. முதன்மை ஆயுதம் கட்டானா வாள் ஒன்றுதான். வலிமை, அறிவு என்று புள்ளிகளைப் பிரித்து லெவல் ஏற்றும் முறை இல்லை. உதவிக்கு ஆவியோ இன்னொரு ஆட்டக்காரரோ வருவதில்லை. இடக்கையில் பொருத்தும் கருவிகள் உண்டு. எறிநட்சத்திரம் பாய்ந்து வரும் எதிரியைத் தடுக்கும், பட்டாசு விலங்குகளை மிரளவைக்கும். ஆனால் உங்களுக்குப் பதிலாக அவை சண்டையிடுவதில்லை. தாக்கும் வலிமைகூடப் பெரும்பாலும் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வென்ற பிறகே உயர்கிறது என்பதால், ஒரே இடத்தில் சிறு எதிரிகளைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பலம் சேர்த்துக்கொண்டு பாஸிடம் போகும் குறுக்குவழி இங்கே அநேகமாக அடைபட்டிருக்கிறது. உங்கள் குறைக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் சண்டை எப்படி நடக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு எதிரிக்கும் உயிர்ப்பட்டையுடன் நிலைகுலைவைக் காட்டும் இன்னொரு பட்டையும் உண்டு. எதிரியின் வெட்டு நம்மைத் தொடும் கணத்தில் காப்புப் பொத்தானை அழுத்தினால் வாள்கள் மோதித் தெறிக்கும், அந்தப் பட்டையும் ஏறும். அது நிறைந்துவிட்டால், உயிர் எவ்வளவு மீதமிருந்தாலும் இறுதிக் குத்து விழும். பாஸ் எதிரிகள் பலரை இப்படி இரண்டு அல்லது மூன்று முறை வீழ்த்த வேண்டியிருக்கும். அடியைத் தவிர்க்க நீங்கள் விலகி நின்றால் ஏறிய பட்டை வடிந்துவிடுகிறது. ஆனால் எதிரியின் உயிர் குறையக் குறைய அது வடியும் வேகமும் குறைகிறது. ஆகவே முதலில் கொஞ்சம் காயப்படுத்தி, பிறகு விடாமல் நெருங்கி நிற்பதே இங்கே வெற்றிக்கு வழி. உருண்டு விலகித் தூரத்திலிருந்து மந்திரம் எய்து பழகிய கைக்கு முதல் சில நாள்கள் மிகவும் சிரமமாக இருக்கும். தொடக்கத்திலேயே சிதைந்த கோயிலில் ஹன்பெய் என்ற சாகாத வீரர் பயிற்சி தருவார். நாளுக்குப் பத்து நிமிடமாவது அவரிடம் செலவிடுங்கள். அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸிடம் நான் பல மாலைகள் தோற்றிருக்கிறேன். அவரை வென்ற அன்றுதான் இந்த விளையாட்டு என்ன கேட்கிறது என்பது கைக்குப் புரிந்தது, அந்த மகிழ்ச்சியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் ஒரு மணி நேரத்துக்கும் செகிரோ ஒத்துவரும். மெனுவைத் திறந்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். எல்டன் ரிங்கில் அப்படி நிற்காது என்பதை அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். கட்டணம் செலுத்தித் தனியே வாங்க வேண்டிய கூடுதல் பகுதி, அதாவது விரிவாக்கம், இதற்கு இல்லை. வென்ற பாஸ்களுடன் மீண்டும் மோதும் வசதி 2020இல் இலவசமாகவே சேர்க்கப்பட்டது. ஆகவே அடிப்படைப் பதிப்பை வாங்கினால் முழுவதும் கிடைத்துவிடும்.

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்குவதாக இருந்தால், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். செகிரோவின் சண்டை பிடிபட அந்த 2 மணி நேரம் போதவே போதாது. எனவே அந்த நேரத்தில் ‘கடினமாக இருக்கிறதா’ என்று பார்க்காமல், உங்கள் கணினியில் தடங்கலின்றி ஓடுகிறதா, பொத்தானை அழுத்துவதற்கும் வாள் உயர்வதற்கும் இடையே தாமதம் தெரிகிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். கணத்தை நம்பி ஆட வேண்டிய விளையாட்டில் அந்தத் தாமதம் இருந்தால் எவ்வளவு பழகினாலும் பயன் இல்லை; திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செகிரோவில் கடினத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளும் அமைப்பு இல்லை. கைவலியோ வேறு காரணமோ உங்களைத் தயங்கவைத்தால் லைஸ் ஆஃப் பி வாங்கலாம். 2023இல் வெளியான அந்தக் கொரிய விளையாட்டில் 2025 முதல் கடின அளவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆயுதத்தின் அலகையும் பிடியையும் கழற்றி மாற்றிப் பூட்டலாம், சில பாஸ் சண்டைகளில் துணையும் அழைக்கலாம். நியோ 2 மூன்றிலும் ஆழமான சண்டை முறை கொண்டது. கணினிப் பதிப்பில் மூன்று விரிவாக்கங்களும் அடக்கம். ஆனால் கொட்டிக் கிடக்கும் ஆயுதங்களையும் கவசங்களையும் தரம்பிரிப்பதிலேயே உங்கள் ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். அங்கும் மந்திரம் இருக்கிறது. நீங்கள் மறுபடி அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஃப்ரம்சாஃப்ட்வேரின் இன்னொரு விளையாட்டான பிளட்போர்னின் கணினிப் பதிப்பைத் தரவிறக்க உதவும் குறியீடு என்று சொல்லி ஒருவர் மலிவாக விற்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2015இல் வெளியான பிளட்போர்ன் பிளேஸ்டேஷன் 4க்காக மட்டுமே வெளியிடப்பட்டது. அதிகாரபூர்வமான கணினிப் பதிப்பு வெளியிடப்படவில்லை. இல்லாத பொருளுக்குக் குறியீடு எங்கிருந்து வரும்? 2020இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட டீமன்ஸ் சோல்ஸும் இப்படியே பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் உரியது.

பிளட்போர்னை ஆடியே தீர வேண்டுமென்றால், டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 வைத்திருப்பவர் பழைய டிஸ்க்கை வாங்கி ஆடலாம். முதலில் வெளியான டிஸ்க்கில் ஓல்டு ஹன்டர்ஸ் என்ற விரிவாக்கம் இருக்காது. அதைத் தனியே வாங்க வேண்டும். பழைய பெட்டிக்குள் ஏதேனும் குறியீடு அச்சிட்ட சீட்டு இருந்தால், முன்பு வைத்திருந்தவர் அதைப் பயன்படுத்தியிருப்பார் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.