“வீடு உனக்குத்தானே” என்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 34. மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். குறும்படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் உதவி இயக்குநராக, எடிட்டராக வேலை செய்கிறேன். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காமல் போய்விட்டது. பார்ப்பது நான் ஒருத்திதான். ஷூட்டிங்கின் நடுவில் வீட்டுக்கு ஓடிவர வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு ஏதாவது சாட்டுச் சொல்லிவிடுவேன். இப்போது “அவளை நம்பி வேலை கொடுக்க ஏலாது” என்று பெயர். கொழும்பில் ஒரு அண்ணன், கனடாவில் ஒரு அண்ணன். உதவி கேட்டால், “வீடு உனக்குத்தானே தந்தது” என்கிறார்கள். இந்தத் தொழிலை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. அம்மாவின் மருந்துக்கும் உங்கள் மனதுக்கும் அந்த வேலை வேண்டும். மாற வேண்டியது மற்றவர்கள் இதில் எடுக்கும் பங்கு.

முதலில் அண்ணன்மாரின் கதைக்கு வருவோம். எங்கள் பக்கம் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போவது வழமை. தாய் தகப்பன் கடைசிவரை மகளோடுதான் இருப்பார்கள். ஆனால் அந்த வழமை நடந்த காலத்தில் அதே வளவுக்குள் பெரியம்மா இருந்தா, சின்னம்மா இருந்தா, பக்கத்து வேலிக்குள் மச்சாள்மார் இருந்தார்கள். ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி கிழவிக்குக் கஞ்சி பருக்கினாள். யுத்தமும் சுனாமியும் வெளிநாட்டுப் பயணங்களும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டன. பலர் செய்த வேலை முழுவதும் இப்போது உங்கள் ஒருத்தியின் தலையில் இருக்கிறது. இதை வழமை என்று சொல்லி யாரும் கையைக் கழுவக்கூடாது. வீட்டைப் பற்றி அவர்களோடு வாதாடவே வேண்டாம். “வீடு எனக்குத்தான், சரி. அம்மா மூன்று பேருக்கும் அம்மா” என்று தொடங்குங்கள்.

அப்புறம் கணக்கைக் காட்டுங்கள். ஒரு மாதம் கொப்பியில் எழுதிவாருங்கள்: மருந்து, பம்பர்ஸ், கிளினிக்குக்கு ஓட்டோக் கூலி, அம்மாவுக்காக நீங்கள் இழந்த வேலை நாட்கள், அந்த நாட்களின் சம்பளம். கடைசி இரண்டையும் எழுதாமல் விடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்களில் அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இரண்டு அண்ணன்மாருக்கும் அனுப்பிவிட்டு, கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள். கனடா அண்ணன் ஷூட்டிங் நாட்களுக்கு ஒரு உதவியாளரின் சம்பளத்தைக் கொடுக்கட்டும். கொழும்பு அண்ணன் தன் லீவை உங்கள் ஷூட்டிங் திகதிகளுக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கட்டும். “ஏதாவது உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் வீடியோ கோலில் சுகம் விசாரிப்பதோடு முடிந்துவிடும்.

அம்மாவைப் பார்க்க வருகிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் லொகேஷனில் நின்றாலும் மனம் வீட்டில்தான் நிற்கும். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், போதனா வைத்தியசாலையின் பிசியோதெரபி பகுதியில் காட்டித்தரச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, நல்ல பக்கமாகக் கதிரையை வைத்து மாற்றுவது, இயங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல் இருப்பது, இதெல்லாம் பார்த்துப் பழகினால் வந்துவிடும். உங்கள் முதுகும் தப்பும். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிக்கும் வழியை அங்கே கேட்கலாம்.

இனி ஷூட்டிங். நீங்கள் சாட்டுச் சொன்னது உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டது. அம்மாவைப் பார்ப்பது கெடுக்கவில்லை. ஒரு யூனிட்டுக்குப் பெரிய கஷ்டம் எதிர்பாராத நேரத்தில் ஆள் இல்லாமல் போவதுதான். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்றபடி திட்டம் போடுவார்கள். வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே, சம்பளம் பேசும் அதே இருப்பில் சொல்லுங்கள்: “அம்மாவைக் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு வருவேன். கிளினிக் நாளில் வரமாட்டேன். வாகரைப் பக்கம் இரவு தங்குகிற ஷூட்டிங் என்றால் ஒரு கிழமைக்கு முன் சொல்லுங்கள், ஆள் ஒழுங்கு செய்கிறேன்.” வாயால் பேசினதை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். எடிட்டிங், வசனக் கோர்ப்பு, சப்டைட்டில் போன்றவற்றை ஹார்ட் டிஸ்கை வாங்கி வந்து வீட்டிலேயே செய்யலாம். கொஞ்ச காலத்துக்கு அந்தப் பக்கம் கூடுதலாக வேலை கேளுங்கள்.

பிரித்தானியாவில் திரைப்படத் தொழிலாளருக்கென்று 1924இல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை இன்றும் பண உதவியும் ஆலோசனையும் கொடுக்கிறது. வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் ஊழியருக்கு வருடத்தில் ஒரு கிழமை சம்பளமில்லா லீவு என்று அங்கே 2024 ஏப்ரலில் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் படத்துக்குப் படம் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை, சினிமாவில் அப்படிப்பட்டவர்களோ ஏராளம். நாள் சம்பளத்துக்குப் போகிற உங்களுக்கும் அதே நிலைதான். அதனால்தான் வாயால் பேசி எழுத்தில் வைப்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இதை வாசிக்கும் இயக்குநர்மாருக்கும் ஒன்று: கோல் டைமை, அதாவது ஷூட்டிங்குக்கு வந்து சேர வேண்டிய நேரத்தை, முதல் நாள் பின்னேரத்துக்குள் அறிவித்துவிடுங்கள். உங்களுக்குச் செலவில்லாத காரியம், வீட்டில் நோயாளி இருக்கிற ஒருவருக்கு அது பெரிய உதவி.

நித்திரை இல்லாமல், காரணமில்லாமல் அழுகை வருகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம், இல்லாவிட்டால் அம்மாவின் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

உங்களை நம்ப ஏலாது என்று சொன்ன இயக்குநரை இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். வேலை கேட்கப் போகாதீர்கள். நடந்தது இதுதான் என்று சொல்லுங்கள், இனி எந்த நேரம் வர முடியும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.