கம்பெனி வழக்கு வக்கீலாக ஆசைப்படும் மகள்: திருமங்கலத்து அம்மாவுக்கு

அம்மா, பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்கும் மகள் கம்பெனி வழக்கு, அமலாக்கத் துறை விசாரணை என்று வாதாடும் வக்கீலாக வேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் காகிதத்தோடுதான் போகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஜவுளிக் கம்பெனி. தம்பிக்குச் சொல்லாமல் அண்ணன் புதுப் பங்குகளைத் தன் பேரில் போட்டுக்கொள்கிறார். தம்பி, பங்குதாரரை ஒடுக்கும் நிர்வாகத்தைத் தட்டிக்கேட்க வழிசெய்யும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 241-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு சென்னையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். போர்டு மீட்டிங் நோட்டீஸ் அனுப்பினார்களா, கூட்டத்தில் முடிவானதைப் பதியும் மினிட்ஸை எப்போது எழுதினார்கள், பங்குப் பணம் பேங்கில் எந்தத் தேதியில் ஏறியது என்று தோண்டுவதுதான் வக்கீலின் வேலை. பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரிந்த உங்கள் மகளுக்கு இது பெரிய பலம்.

அரசு விசாரணை இன்னும் நுணுக்கமானது. ஜிஎஸ்டி அதிகாரியோ அமலாக்கத் துறையோ சம்மன் அனுப்பினால், வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்க முடியாது. பல வழக்குகளில் நீதிமன்றங்கள் அனுமதித்ததே, கண்ணுக்குத் தெரிந்தும் காதுக்குக் கேட்காத தூரத்தில் வக்கீல் இருக்கலாம் என்பதுதான். அதனால் கட்சிக்காரரை முன்கூட்டியே உட்காரவைத்து, ஒவ்வொரு ஆவணமாகக் காட்டி, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள் என்று தயார் செய்ய வேண்டும். பொய் சொல்லித் தரும் சீனியரிடம் மட்டும் அவளை ஜூனியராக விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் டில்லி சமாச்சாரமும் இல்லை. 2012-இல் நம் மேலூர்ப் பக்கம், சட்டவிரோதமாகக் கல் வெட்டியதாகக் கிரானைட் குவாரிக் கம்பெனிகள் மீது வழக்குகள் கிளம்பின. 2014-இல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி உ. சகாயத்தை இதை விசாரிக்க நியமித்தது. ஒத்தக்கடை அருகே யானைமலைப் பக்கம் 2004-இலிருந்தே உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது.

படிப்புக்கு, திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.காம்., எல்எல்.பி. இருக்கிறது. அதற்கு கிளாட் என்ற அகில இந்திய சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் மதுரை அரசு சட்டக் கல்லூரியும் நல்ல வழிதான்; அப்புறம் எந்தச் சீனியரிடம் சேர்கிறாள் என்பதுதான் முக்கியம்.

பண விஷயத்தை மறைக்க மாட்டேன். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் வக்கீல்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லாச் சீனியரும் அப்படிக் கொடுப்பதில்லை. முதல் மூன்று நான்கு வருடம் வீட்டிலிருந்து தாங்க முடியுமா என்று அவள் அப்பாவோடு இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கல்விக் கடன் வாங்குவதானால், தவணை எப்போது தொடங்கும் என்று பேங்கில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன், அவளை மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள். குறுக்கு விசாரணை எதுவும் இல்லாமல் காலை முழுக்க வாய்தாவாகவே போகலாம். அதையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்ன பேசுகிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.