துபாயில் மாச வாடகைக்கு கார்: எடுப்பதற்கு முன்

தம்பி, வேலை விசாவில் வந்து ஆறு மாசத்துக்கு கார் வாடகைக்கு எடுக்கலாமா, நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா என்று கேட்டிருந்தீங்க. வாடகையை விட லைசென்ஸ்தான் முக்கியம்.

விசிட் விசாவில் இருக்கிறவரைக்கும் இந்திய லைசென்ஸோடு சர்வதேச பெர்மிட்டும் இருந்தால் வாடகை கார் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா கிடைத்த பிறகு அது செல்லாது. சில சின்ன கம்பெனிகள் கண்டுக்காமல் சாவியைக் கொடுத்துவிடும். தயவுசெய்து வாங்காதீங்க. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுடும், ஆளுக்கு அடிபட்டிருந்தால் கதையே வேற. முதலில் இங்கத்த லைசென்ஸ் எடுங்க. வகுப்புக்குப் போகாமல் நேராக டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டும் 'கோல்டன் சான்ஸ்' ஒரே ஒரு தடவைதான், அதனால் சும்மா போய்ப் பார்ப்போம் என்று போகாதீங்க. அதுவரை மெட்ரோ, பஸ், ஆபீஸ் வண்டி.

லைசென்ஸ் வந்ததும் ஆறு மாசத்துக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போட வேண்டாம். மாசாமாசம் புதுப்பிக்கிற ஒப்பந்தமே நல்லது. வீடு மாறலாம், வேலை இடம் மாறலாம், நடுவில் வண்டியைத் திருப்பினால் அபராதம் கேட்பார்கள். ஷார்ஜா வீட்டிலிருந்து ஜெபல் அலி ஆபீஸுக்கு ஒரு நடை சுமார் 50 கிலோமீட்டர். போய் வர 22 வேலை நாளுக்கே 2,200 கிலோமீட்டர் ஆச்சு, வெள்ளி இரவு, சனி, ஞாயிறு வெளியே போறது தனி. மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் அனுமதி, அதுக்கு மேல் போனால் என்ன ரேட்டு என்று கட்டாயம் கேளுங்க. விலை குறைவாகத் தெரிகிற இடங்களில் பெரும்பாலும் இதில்தான் பிடிக்கிறார்கள்.

ஸாலிக் கேட்டை, அதாவது துபாய் சாலைகளில் இருக்கிற டோல் கேட்டைத் தாண்டினால் 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம், மற்ற நேரத்தில் 4, இரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். வாடகை கம்பெனி அதுக்கு மேல் ஒரு சேவைக் கட்டணமும் போடும்.

வாடகை வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், டயர், கண்ணாடி, கிலோமீட்டர் மீட்டர் எல்லாத்தையும் வீடியோ எடுத்து வைங்க. வண்டியை வெயிலில் நிறுத்தி ஏசியைப் போட்டுப் பாருங்க. சின்னக் கீறல் விழுந்தாலும் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் இங்கே சரிசெய்ய முடியாது, ரிப்போர்ட் இல்லைன்னா முழுச் செலவும் உங்க தலையில். டெபாசிட் உடனே திரும்பி வராது, பின்னால் வருகிற அபராதத்துக்காகச் சில வாரம் பிடித்து வைப்பார்கள். அந்தப் பணத்தை நம்பி வேறு கணக்குப் போடாதீங்க.

அபுதாபி எல்லைக்குள் நுழைந்ததும் வேகப் பலகையில் இருக்கிறதுதான் வேகம், துபாய் மாதிரி பலகையில் இருக்கிறதுக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை விட்டுக்கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஓமன் போகணும்னா கம்பெனியின் அனுமதிக் கடிதமும் அங்கத்த இன்சூரன்ஸும் வேணும், ஈத் லீவுக்கு முந்தின வாரம் கேட்காமல் இப்பவே கேட்டு வைங்க.